வரிசைக் கல்

டுமிசா மண்சாலையில் வண்டியை நிறுத்தும்போது மணி ஏழேகால்.
கேட்டுக்கு வெளியே
கற்கள் வரிசையில் நின்றன.
ஒரு செங்கல் துண்டு, ஆற்றுக் கூழாங்கல்,
நீலப் பெயிண்ட் அடித்த ஒன்று,
கல் அகப்படாத யாரோ விட்டுப்போன இடதுகால் செருப்பு.
கற்களுக்கு உரியவர்கள்
எதிர்மரத்தடியில், போர்வைகளுக்குள்.
முதல் கல் மூன்றரைக்கு வந்தது என்றார் காவலர் ங்குபானே.

என் கையில் படிவம்.
நூற்று எண்பத்தாறு கேள்விகள்.
ஆம், இல்லை, பொருந்தாது.

காத்திருப்பு நேரம்:
அட்டையில் முத்திரை விழும் நிமிடத்திலிருந்து
எண்ண வேண்டும் என்பது விதி.
நாற்பத்தேழு நிமிடம். வரம்புக்குள். ஆம்.
கல்லின்மேல் யாரும் முத்திரை குத்துவதில்லை.

சன்னல் திட்டில் தூசி:
விரலால் இழுத்தேன். கன்னங்கரேல்.
விடியுமுன் கரும்புக்காட்டைக் கொளுத்தியிருக்கிறார்கள்;
அரைமணிக்கொரு தரம் ஈரத்துணியோடு ஒரு பெண்
அதே சன்னலுக்கு வந்துபோகிறாள்.
'இல்லை' என்று நான் எழுதும்போதே
தாளின்மேல் ஒரு கரி இழை இறங்கியது.
தட்டிவிட்டேன். கோடாக இழுபட்டது.

தடுப்பூசிக் குளிர்பெட்டி:
காலையில் ஐந்து டிகிரி, மாலையில் ஐந்து,
மாதம் முழுக்க ஐந்து, ஐந்து, ஐந்து.
பதினோரு மணி நேரம் மின்சாரம் போன
ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதியும் ஐந்து.

சிஸ்டர் தோக்கோசிலே கண்ணைத் தாழ்த்தவில்லை.
"அன்றைக்குப் பதினான்கு. மருந்தை எல்லாம் கொட்டிவிட்டோம்.
பதினான்கு என்று எழுதினால்
நாலு பக்கம் விளக்கக் கடிதம் எழுத வேண்டும் மிசஸ் படையாச்சி.
அன்றைக்கு ரெண்டு பிரசவம்."

நம்பினேன்.
நம்பிக்கையை ஊசியில் ஏற்றிக்
குழந்தையின் தொடையில் குத்த முடியாது.
'இல்லை' என்று எழுதினேன்.
பேனா கொஞ்சம் அழுந்தியது.

ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? ஆம்.
அதில் ஆக்சிஜன்?
முள் சுழியத்தில் படுத்திருந்தது.
கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தேன். எழவில்லை.
"எத்தனை நாளாக?"

பதில் சொல்லாமல்
அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நீட்டினார்.

முந்தைய ஆய்வறிக்கை பாதுகாக்கப்பட்டுள்ளதா:
பிளாஸ்டிக் உறைக்குள், மூலை மடங்காமல்.
ஆக்சிஜன் இல்லை. உடனடி நடவடிக்கை தேவை.
'உடனடி'யின் கீழ் இரண்டு கோடுகள்.
தேதி பதினாறு மாதம் பழையது.
வால் நீண்ட கையெழுத்து
என்னுடையது.

பாதுகாத்ததற்கு முழு மதிப்பெண். போட்டேன்.

"நடுவில் ஒரு பையன் வந்தான்," என்றார் சிஸ்டர்,
"இழுப்பு. உதடெல்லாம் நீலம்.
ரொட்டி வேன் ஒன்று வந்திருந்தது, அதில் போட்டுக்கொண்டு
உம்சிண்டோ ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்."
"பிழைத்தானா?"
"போன வாரம்கூட வந்தான். முழங்காலில் சிராய்ப்பு."
உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. அவர் போய்விட்டார்.
ரொட்டி வேனை
எந்தக் கேள்வியின் கீழ் எழுதுவது?

வெளியே வந்து மாவட்டக் கிடங்குக்குப் போன் போட்டேன்.
இது என் வேலையல்ல.
கண்டதை எழுதுவதே என் வேலை,
எழுதியதை அனுப்புவது, அனுப்பியதை மறப்பது.
கொஞ்சம் இசை. பிறகு பதிவு செய்த குரல்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
வரிசையில் உங்கள் இடம் பதினொன்று.

ஒரு மணிக்கு இன்னோர் ஊரில் இன்னொரு நிலையம்.
வண்டிச் சாவி கையில்தான் இருந்தது.

"எத்தனையாவது?" என்று கேட்டார் ங்குபானே.
சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
காலைக் கற்கள் தீர்ந்து
மதிய வரிசைக்கு நாலைந்து சேர்ந்திருந்தன.
குனிந்து சாலையோரம் தேடினார்,
முட்டையளவு கல் ஒன்றைக் கால்சட்டையில் துடைத்து
கடைசியில் வைத்தார்.

"இது உங்களுடையது. யாரும் தொடமாட்டார்கள்.
போய் நிழலில் உட்காருங்கள்."

காதில் அதே இசை மறுபடி தொடங்கியது.
மரத்தடியில் ஒரு போர்வை
சற்று நகர்ந்து இடம் விட்டது.